கையெழுத்திலேயே தொடங்கும் ஏலம்: வீட்டுக் கடனும் கொடுப்பவரின் கடமையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



தமிழ் நாளிதழ் படிக்கும் எவரும் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் ‘சுவாதீன அறிவிப்பு’களைப் பார்த்திருப்பீர்கள். கடன் வாங்கியவர் பெயர், ஜாமீன்தாரர் பெயர், நிலுவைத் தொகை, சர்வே எண், நான்கெல்லை எல்லாம் அதில் இருக்கும். இரண்டு நாளிதழ்களில், அவற்றில் ஒன்று வட்டார மொழியில், இதை வெளியிட வேண்டும் என்பது சட்ட விதி. அந்த அறிவிப்பில் இல்லாத விவரங்கள்தான் இன்று என் அக்கறை. அந்தக் கடன் எந்த வட்டியில் கொடுக்கப்பட்டது, வட்டி எத்தனை முறை ஏறியது, ஏறியபோது அவருக்குச் சொன்னார்களா, வேலை போன மாதத்தில் தவணையைத் தள்ளிவைக்க யாராவது வழி காட்டினார்களா என்பதை எந்த அறிவிப்பிலும் படிக்க முடியாது. சட்டம் அவற்றைக் கேட்பதும் இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வீடு ஏலத்துக்கு வருமா வராதா என்பதில் பெரும்பகுதி, கடன் எழுதப்படும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. ஆகவே நியாயமாகக் கடன் கொடுப்பதையும் ஏலத்தைத் தடுப்பதையும் வங்கித் துறைக்கு ஒன்று, சமூக நலத் துறைக்கு ஒன்று எனப் பிரித்து வைக்க முடியாது. இரண்டும் கடன் கொடுப்பவரின் ஒரே கடமையின் முன்பாதியும் பின்பாதியும். முன்பாதியை நிறைவேற்றாதவருக்குப் பின்பாதியில் வீட்டைப் பூட்டும் முழு அதிகாரத்தைச் சட்டம் தரக் கூடாது. நான் பேசுவது குடியிருக்கும் ஒரே வீட்டை அடமானம் வைத்த குடும்பத்தைப் பற்றி மட்டுமே. முதலீட்டுக்காக வாங்கிப் போட்ட மூன்றாவது அடுக்ககமும், ஆலையைக் காட்டி வாங்கிய நூறு கோடியும் வேறு விவாதம்.

1. ஆலைகளுக்காக வந்த சட்டம்

அடமானச் சொத்தை மீட்கும் உரிமை நம் சட்டத்தில் பழைய உரிமை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் தன் 60-ஆம் பிரிவில் அதை எழுதிவைத்தது. நீதிமன்றத்துக்குப் போகாமலே அடமானச் சொத்தை விற்கும் அதிகாரத்தை அது சில சூழல்களுக்கு மட்டும் ஒதுக்கியது; சென்னை, பம்பாய், கல்கத்தா போன்ற நகரங்களில் இருக்கும் சொத்துகளுக்கு அப்படி எழுதிக்கொள்ள முடிந்தது. மற்ற இடங்களில் கடன் கொடுத்தவர் பொதுவாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. அதில் பல ஆண்டுகள் கழிந்தன. 1990-களில் பெருந்தொழில் நிறுவனங்களின் வாராக்கடன் வங்கிகளை அழுத்தியபோது இந்தத் தாமதம் தாங்க முடியாததாயிற்று. 1993-இல் கடன் மீட்புத் தீர்ப்பாயங்கள் வந்தன, அவையும் போதவில்லை. 1998-இல் நரசிம்மம் குழு, நீதிமன்றம் இல்லாமலே பிணையச் சொத்தைக் கைப்பற்றும் அதிகாரத்தைப் பரிந்துரைத்தது. 2002 ஜூனில் அவசரச் சட்டமாக வந்து, அந்த ஆண்டின் இறுதியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது சர்ஃபாசி சட்டம்.

பெரிய கடனாளியை மனதில் வைத்து எழுதிய சட்டம் அது. அதன் செல்லுபடியை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன முக்கிய வழக்கே மார்டியா கெமிக்கல்ஸ் என்ற நிறுவனத்தின் வழக்குதான். 2004 ஏப்ரலில் வந்த தீர்ப்பு சட்டத்தை நிலைநிறுத்தியது. ஆனால், தீர்ப்பாயத்தை அணுகுமுன் கேட்கப்படும் தொகையில் 75 விழுக்காட்டைக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கியது. கடன் கொடுத்தவருக்கும் நியாயமாக நடக்கும் பொறுப்பு உண்டு என்பதையும் அந்தத் தீர்ப்பு பேசியது. அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது என்பது என் வருத்தம்.

விதிவிலக்குகளைப் பாருங்கள். விவசாய நிலத்தைச் சட்டம் தொடாது. ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்படாத கடனைத் தொடாது. நிலுவை, அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் தொடாது. குடியிருக்கும் ஒரே வீடு என்று ஒரு வகையே அதில் இல்லை. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, விவசாயி, கூலித் தொழிலாளி, வீட்டு வேலை செய்பவர் ஆகியோர் குடியிருக்கும் வீட்டைச் சாதாரணப் பணத் தீர்ப்பின் ஜப்தியிலிருந்து காக்கிறது; வீட்டை அடமானம் வைத்தவருக்கு அந்தக் காப்பும் உதவாது. காலம் போகப் போக அதிகாரத்தின் வட்டம் விரிந்தது. வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு அது வந்தது. 2021-க்குப் பிறகு, 100 கோடி ரூபாய் சொத்துள்ள வங்கி சாரா நிதி நிறுவனம் 20 லட்சம் ரூபாய்க் கடனுக்கே இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தலாம். அதற்கு முன் வரம்பு 50 லட்சம். விதிவிலக்குக்கான ஒரு லட்சம் மட்டும் 2002-இல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

நடைமுறை எப்படி ஓடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தவணை 90 நாள் தவறினால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. 13(2) பிரிவின் கீழ் 60 நாள் நோட்டீஸ் வருகிறது. அந்த 60 நாளில் கடன் பெற்றவர் ஆட்சேபம் எழுதினால் 15 நாளுக்குள் பதில் வர வேண்டும்; பதில் சொல்பவர் நோட்டீஸ் அனுப்பிய அதே நிறுவனம். அந்தப் பதில் தவறென்றாலும் அந்தக் கட்டத்தில் தீர்ப்பாயத்துக்குப் போக உரிமை இல்லை என்று சட்டமே சொல்கிறது. 60 நாள் முடிந்ததும் 13(4)-இன் கீழ் சுவாதீனம். வீட்டைக் காலி செய்ய மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ 14-ஆம் பிரிவில் மனு. அங்கே சரிபார்ப்பது பிரமாணப் பத்திரத்தில் உரிய விவரங்கள் இருக்கின்றனவா என்பதைத்தான், கடன் நியாயமானதா என்பதை அல்ல. சிவில் நீதிமன்றத்தின் கதவை 34-ஆம் பிரிவு அடைத்துவிட்டது. தீர்ப்பாயத்தை 45 நாளுக்குள் அணுகலாம், ஆனால் சுவாதீன நடவடிக்கை தொடங்கிய பிறகு. தமிழ்நாட்டில் தீர்ப்பாயங்கள் சென்னை, கோவை, மதுரை ஆகிய மூன்று ஊர்களில் மட்டுமே இருக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர் வாய்தாவுக்கு வாய்தா மதுரைக்கு வர வேண்டும். அங்கே தோற்று மேல்முறையீடு செய்தால் பாதித் தொகையைக் கட்ட வேண்டும். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மனம் வைத்தால் கால்பங்கு. தவணை கட்ட முடியாததால் நோட்டீஸ் வாங்கியவரிடம் கேட்கப்படும் தொகை இது.

ஆக, முதல் தவணை தவறிய நாளிலிருந்து ஏறக்குறைய ஐந்து மாதத்தில், இருபது ஆண்டுக் கடன் ஒன்றின் வீடு சட்டப்படி கைமாறத் தொடங்கலாம். இந்த ஐந்து மாதத்தில் சார்பற்ற ஒருவர், “இந்தக் கடன் சரியாகக் கொடுக்கப்பட்டதா? இவருக்கு வேறு வழி உண்டா?” என்று கேட்கும் கட்டம் ஒன்றுகூட இல்லை. என் வாதத்தின் மையம் இந்த வெற்றிடம்தான்.

2016-இல் இரண்டு மாற்றங்கள் நடந்தன. அவற்றை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு வந்த திவால் சட்டம், கடனில் மூழ்கிய நிறுவனத்துக்கு ஒரு கூரை போட்டுக் கொடுத்தது. வழக்கு ஏற்கப்பட்ட நாள் முதல் யாரும் அதன் சொத்தைத் தொட முடியாது; தீர்வுக்கு 180 நாள், நீட்டித்தால் 330 நாள் வரை; கடன் கொடுத்தவர்கள் கூடிப் பேசி, கணிசமான தொகையை விட்டுக்கொடுத்து நிறுவனத்தை உயிரோடு வைக்கலாம். அதே சட்டத்தில் தனிமனிதர்களுக்கான பகுதியும் எழுதப்பட்டது. அது நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. சாதாரணக் குடும்பத்துக்கு வரவில்லை. அதே 2016-இல் சர்ஃபாசியின் 13(8) பிரிவும் திருத்தப்பட்டது. அதற்கு முன் விற்பனை முடியும்வரை முழுத் தொகையைக் கட்டி வீட்டை மீட்க முடிந்தது. திருத்தத்துக்குப் பிறகு ஏல அறிவிப்பு வெளியாகும்வரைதான் முடியும். 2023-இல் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. நிறுவனத்துக்குக் கால நீட்டிப்பு, குடும்பத்துக்குக் காலக் குறைப்பு. இதற்குப் பொருளியல் நியாயம் எதையும் என்னால் காண முடியவில்லை.

2. மிதக்கும் வட்டியின் கணக்கு

இனி கடன் எழுதப்படும் மேசைக்கு வருவோம். ஒரு கணக்கை மட்டும் முழுதாகப் பார்க்கலாம். 2021-இன் இறுதியில் ஒருவர் 30 லட்சம் ரூபாயை 6.5 விழுக்காட்டு மிதக்கும் வட்டியில், 20 ஆண்டுகளுக்கு வாங்குகிறார். மாதத் தவணை ஏறத்தாழ 22,370 ரூபாய். அவர் கைக்கு வரும் சம்பளம் 45,000 என்றால் பாதி தவணைக்குப் போகிறது. பாதி வரை போகலாம் என்று கடன் அதிகாரி ஒப்புக்கொள்கிறார். 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 விழுக்காட்டிலிருந்து 6.5-க்கு ஏற்றியது. கடன் வட்டியும் அதே அளவு ஏறினால் 9 விழுக்காடு. ஓராண்டு தவணை கட்டியபின் அவருடைய அசல் சுமார் 29 லட்சத்து 24 ஆயிரம். அதற்கு ஒன்பது விழுக்காட்டில் ஒரு மாத வட்டி மட்டும் 21,930 ரூபாய். பழைய தவணையையே தொடர்ந்தால் அசலில் குறைவது மாதம் 430 ரூபாய் சொச்சம். அந்த வேகத்தில் கடன் முடிய இன்னும் ஏறத்தாழ 44 ஆண்டுகள் ஆகும். வட்டி முதல் மாதத்திலேயே ஏறியிருந்தால் மாத வட்டி 22,500. தவணை வட்டிக்கே போதாமல், ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருக்கும்போதே அசல் வளர்ந்திருக்கும்.

44 ஆண்டு யாரும் தரமாட்டார்கள். ஓய்வு வயதோடு கடனை முடித்தாக வேண்டும். ஆகவே தவணை ஏறும். மீதமுள்ள 19 ஆண்டில் முடிக்க மாதம் 26,800 ரூபாய் வேண்டும். சம்பளத்தில் பாதியாக இருந்தது அறுபது விழுக்காட்டை நெருங்கிவிடுகிறது. இந்தக் குடும்பம் சோம்பலோ ஊதாரித்தனமோ செய்யவில்லை. ஒரே ஒரு மருத்துவச் செலவு, ஒரு மாதம் சம்பளம் தள்ளிப்போவது, அவ்வளவுதான் இடைவெளி. வட்டி ஏறுவது எதிர்பாராத இயற்கைச் சீற்றமும் அல்ல. மிதக்கும் வட்டி ஏறும் என்று ஒப்பந்தத்தை எழுதியவருக்குத் தெரியும். அந்த ஏற்றத்தைத் தாங்குவாரா என்று கணக்குப் போடும் கருவியும் அவரிடம்தான் இருக்கிறது.

ரிசர்வ் வங்கிக்கு இது புரியாமல் இல்லை. 2023 ஆகஸ்ட் 18 அன்று வந்த சுற்றறிக்கை, கடன் அனுமதிக்கும்போதே வட்டி ஏறினால் தாங்கும் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது; வட்டி மாறினால் தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்பதில் கடன் பெற்றவருக்குத் தேர்வு தரச் சொன்னது; தவணை வட்டியைக்கூட ஈடுகட்டாத நிலை வரக் கூடாது என்றது. நல்ல ஆணை. குறை என்னவென்றால், எவ்வளவு இடைவெளி என்று எண் எதையும் அது சொல்லவில்லை. அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டின் டாட்–ஃபிராங்க் சட்டத்தின் கீழ் வந்து, 2014 ஜனவரியில் நடைமுறையான விதியில் எண் இருக்கிறது. மிதக்கும் வட்டிக் கடன் தகுதியான கடனாகக் கருதப்பட, முதல் ஐந்து ஆண்டில் வட்டி அதிகபட்சம் எங்கே போகுமோ அந்த வட்டியில் கட்ட முடியுமா என்று சோதிக்க வேண்டும். நாமும் ஓர் எண் வைக்கலாம். அண்மையில் நாமே கண்ட ஏற்றம் 2.5 புள்ளி, அதையே அளவுகோலாக வைக்கலாம்.

3. யாருக்கு எந்தக் கடன்

எல்லோருக்கும் ஒரே வட்டி கிடைப்பதில்லை. அரசு ஊழியருக்கும் பெருநிறுவன ஊழியருக்கும் வங்கிக் கடன். ரசீது இல்லாத வருமானமுள்ள கடைக்காரர், ஓட்டுநர், தையல் தொழில் செய்பவர் போவது சிறிய வீட்டுவசதி நிதி நிறுவனத்துக்கு. அங்கே வட்டி பல புள்ளி கூடுதல். 2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் புதிய மிதக்கும் வீட்டுக் கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவீட்டோடு இணைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. அதற்கு முன் வட்டியை நிர்ணயித்த உள் அளவீடுகள் வெளிப்படையாக இல்லை என்று ஜனக் ராஜ் தலைமையிலான ஆய்வுக்குழு 2017-இல் சொல்லியிருந்தது. அந்தக் கட்டாயம் வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு இல்லை. ஆகவே 2025-இல் ரெப்போ 6.5-லிருந்து ஜூனுக்குள் 5.5-க்கு இறங்கியபோது வங்கிக் கடன்காரருக்கு அது விதிப்படி வந்து சேர்ந்தது. நிதி நிறுவனக் கடன்காரருக்கு அந்த நிறுவனத்தின் முடிவைப் பொறுத்தது. வருமானம் குறைந்தவருக்கே விதியின் காப்பும் குறைவு. முகவருக்குக் கமிஷன், கடனோடு சேர்த்துக் கட்டப்படும் ஆயுள் காப்பீட்டின் பிரீமியம், அந்தப் பிரீமியத்துக்கும் வட்டி என்று சுமை ஏறுவதும் இவர்களிடம்தான் அதிகம்.

கடன் துறையில் ‘நெகட்டிவ் ஏரியா’ என்ற சொல் சாதாரணமாகப் புழங்குகிறது. குறிப்பிட்ட தெருவில், குறிப்பிட்ட பேட்டையில் வீடு என்றாலே கோப்பு நகராது. இந்த வழக்கத்தின் விளைவை அமெரிக்க வரலாறு நமக்குக் காட்டுகிறது. 1930-களில் அங்கே இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களை அரசு அமைப்பு ஒன்று பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என வரைபடத்தில் தரம் பிரித்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பில் விழுந்தன. அந்த வரைபடங்களின் நேரடி விளைவு எவ்வளவு என்பதில் வரலாற்றாளர்களிடையே விவாதம் உண்டு. ஆனால் 1934-இல் தொடங்கிய கூட்டாட்சி வீட்டு நிர்வாகம் அப்பகுதிகளின் கடன்களுக்குக் காப்புறுதி மறுத்தது என்பதில் விவாதம் இல்லை. 1968-இல் நியாய வீட்டுவசதிச் சட்டம் வந்த பிறகும் பழைய வடு போகவில்லை. நல்ல கடன் கிடைக்காமல் வறண்டிருந்த அதே பகுதிகளுக்குத்தான் 2000-க்குப் பிறகு மிக மோசமான கடன் போய்ச் சேர்ந்தது. இரண்டு ஆண்டு குறைந்த வட்டி, பிறகு 28 ஆண்டு ஏறும் வட்டி என்ற வகைக் கடன்கள் அவை. தகுதிக்கு மேற்பட்ட வட்டியில் கடனைத் தள்ளிவிட்ட தரகருக்குக் கூடுதல் கமிஷன். கறுப்பின, ஹிஸ்பானிய மக்களிடம் கூடுதல் வட்டியும் கட்டணமும் வாங்கியதாக அமெரிக்க நீதித்துறை கன்ட்ரிவைட் நிறுவனத்தின் மீது கொண்டுவந்த வழக்கு, 2011 டிசம்பரில் 33.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். அடுத்த ஆண்டு வெல்ஸ் ஃபார்கோ 17.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்தது. கடன் மறுப்பதும், மறுக்கப்பட்டவரிடம் பின்னால் அதிக விலைக்குக் கடன் விற்பதும் ஒரே அநீதியின் இரண்டு கட்டங்கள். ஏல அறிவிப்புகள் எந்தப் பகுதிகளில் குவியும் என்பது அப்போதே எழுதப்பட்டுவிடுகிறது.

இவ்வழக்குகளுக்கு ஆதாரம் கிடைத்ததற்கு ஒரு காரணம், 1975-இல் அங்கே நிறைவேறிய ஒரு சட்டம். எந்தப் பகுதியில் எத்தனை வீட்டுக் கடன் கொடுத்தீர்கள் என்பதை நிறுவனங்கள் பொதுவில் வெளியிட வேண்டும். பின்னாளில் யாருக்குக் கொடுத்தீர்கள், யாருக்கு மறுத்தீர்கள் என்பதும் சேர்ந்தது. இந்தியாவில் இப்படிப்பட்ட கடமை இல்லை. ஆகவே நெகட்டிவ் ஏரியா என்பது எல்லோருக்கும் தெரிந்தும் யாராலும் நிறுவ முடியாத ஒன்றாகவே இருக்கிறது.

4. மீட்பு முடியுமா?

முடியும் என்பதற்கு வரலாற்றுச் சான்று இருக்கிறது. பெருமந்தத்துக்கு முன் அமெரிக்காவில் பல வீட்டுக் கடன்கள் மூன்று முதல் ஐந்து ஆண்டுக் கடன்கள். வட்டி மட்டும் கட்டிவந்து, முடிவில் அசலை மொத்தமாகத் திருப்ப வேண்டும், அல்லது புதுப்பிக்க வேண்டும். வங்கிகள் புதுப்பிக்க மறுத்ததும் வீடுகள் ஏலத்துக்கு வந்தன. 1933-இல் அரசு வீட்டு உரிமையாளர் கடன் கழகத்தை நிறுவியது. அது மூன்று ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் கடன்களை வாங்கி, அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டும் 15 ஆண்டுக் கடன்களாக மாற்றிக் கொடுத்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அப்படியும் வீட்டை இழந்தார். மற்ற நால்வர் காப்பாற்றினார்கள். கழகம் 1951-இல் நட்டமின்றிக் கணக்கை முடித்தது. நான் சற்றுமுன் சொன்ன சிவப்பு வரைபடங்களை வரைந்ததும் இதே கழகம்தான் என்பதையும் மறைக்கக் கூடாது. மீட்பும் நியாயமும் தாமாகச் சேர்ந்து வருவதில்லை.

2009-இல் அமெரிக்க அரசு கொண்டுவந்த திட்டம் 30 முதல் 40 லட்சம் குடும்பங்களைக் குறிவைத்தது. தவணையை வருமானத்தில் 31 விழுக்காட்டுக்குக் குறைக்க முயன்றது. இலக்கை எட்டவில்லை. தவணை வசூலிக்கும் நிறுவனங்களின் விருப்பத்தை நம்பி அது நடந்தது. ஒரு மேசையில் சலுகை மனு பரிசீலனையில் இருக்க, அடுத்த மேசையில் ஏல வேலை நடந்துகொண்டிருந்தது. 2010-இல், கோப்பைப் படிக்காமலே ஆயிரக்கணக்கான பிரமாணப் பத்திரங்களில் கையெழுத்துப் போட்ட வழக்கம் வெளிவந்தது. 2012-இல் 49 மாநிலங்களும் மத்திய அரசும் ஐந்து பெரிய நிறுவனங்களோடு 2,500 கோடி டாலர் சமரசம் செய்தன. அதன்பிறகுதான் விதி இறுகியது: பொதுவாக 120 நாள் நிலுவை ஆகாமல் ஏல நடவடிக்கை தொடங்கக் கூடாது, முழுமையான சலுகை மனு உரிய காலத்தில் வந்திருந்தால் அதை முடிக்காமல் ஏலத்துக்குப் போகக் கூடாது.

எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தெரிவது பிலடெல்பியா நகரின் ஏற்பாடு. 2008-இல் அங்குள்ள நீதிமன்றம், உரிமையாளர் குடியிருக்கும் வீடு ஏலத்துக்குப் போகுமுன் கடன் கொடுத்தவரின் வழக்கறிஞரும் வீட்டுக்காரரும் கடன் ஆலோசகரின் துணையோடு நேரில் உட்கார்ந்து பேசியாக வேண்டும் என்று உத்தரவிட்டது. தீர்வை நீதிமன்றம் திணிக்கவில்லை, சந்திப்பைக் கட்டாயமாக்கியது. பேசினால் தீரக்கூடியவை தீர்ந்தன, தீராதவை ஏலத்துக்குப் போயின. இந்தியாவிலும் முடியும் என்பதை 2020 காட்டியது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணை தள்ளிவைக்கப்பட்டது, பின்னர் மறுசீரமைப்பு அனுமதிக்கப்பட்டது, தள்ளிவைத்த காலத்துக்கு வட்டிக்கு வட்டி கூடாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வங்கித் துறை சரிந்துவிடவில்லை.

5. மறுப்புகள்

முதல் மறுப்பு வைப்பாளரின் பணம் பற்றியது. வங்கி கடன் கொடுப்பது மக்களின் சேமிப்பிலிருந்து. மீட்பு தாமதமானால் நட்டம் அவர்களுக்கு, அல்லது வட்டி ஏற்றமாக அடுத்த கடன்காரருக்கு. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்க மத்திய வங்கியின் பொருளியலாளர் கேரன் பென்ஸ் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, ஏலத்துக்கு நீதிமன்றம் போக வேண்டிய மாநிலங்களில் கடன் அளவு 3 முதல் 7 விழுக்காடு சிறியது என்று கண்டது. பாதுகாப்புக்கு ஒரு விலை உண்டு என்பது உண்மை. ஆனால் அவர் அளந்தது முழு நீதிமன்ற நடைமுறையின் விலையை. நான் கேட்பது காலவரையறை உள்ள ஒரு சந்திப்பை. மேலும் வீட்டுக் கடன் வங்கிகளின் பாதுகாப்பான கடன்களில் ஒன்று என்று ரிசர்வ் வங்கியே கருதுகிறது; 2020 அக்டோபரில் அது புதிய வீட்டுக் கடன்களுக்கு வைத்த இடர் எடை 35 முதல் 50 விழுக்காடு. பாதுகாப்பான கடன் என்று மூலதனச் சலுகை பெறுபவர், வாங்கியவருக்கு இரண்டு மாதப் பொறுமை காட்ட முடியாது என்று சொல்வது பொருந்தாது. அவசர ஏலத்தில் வீடு சந்தை விலைக்குப் போவதும் அரிது. குறையும் தொகை யாருடையது? மீதிக் கடனை 13(10)-இன் கீழ் கடன் பெற்றவரிடமே கேட்கலாம். வீடு போயும் கடன் நிற்கும். அவரால் கட்ட முடியாதபோது நட்டம் வைப்பாளரின் வங்கிக்கே திரும்புகிறது.

இரண்டாவது மறுப்பு, வேண்டுமென்றே கட்டாதவர்கள் ஒளிந்துகொள்வார்கள் என்பது. ஒளிய ஓரளவு முயல்வார்கள். அதனால்தான் ஒரே வீடு, குடியிருப்பு, வருமான ஆவணம் ஆகிய மூன்றும் நிபந்தனை ஆக வேண்டும் என்கிறேன். சந்திப்புக்கு வராதவர் காப்பை இழக்கட்டும்.

மூன்றாவது மறுப்பு அரசியல் நிறம் உள்ளது: ஏழைப் பகுதிகளுக்குக் கடன் கொடுக்கச் சொன்ன 1977-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அமெரிக்க நெருக்கடியைக் கொண்டுவந்தது, நியாயம் பேசினால் இங்கும் அப்படி ஆகும் என்கிறார்கள். நெருக்கடியை ஆராய்ந்த அமெரிக்க ஆணையத்தின் 2011 அறிக்கை இதை ஏற்கவில்லை. அதிக வட்டிக் கடன்களில் அந்தச் சட்டத்தோடு தொடர்புடையவை 6 விழுக்காடு மட்டுமே என்ற மத்திய வங்கி ஆய்வை அது எடுத்துக்காட்டுகிறது. சரிவைக் கொண்டுவந்தவை பெரும்பாலும் அந்தச் சட்டத்துக்கு வெளியே கொடுக்கப்பட்ட கடன்கள்.

“படித்துப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டார்?” என்ற கேள்வியும் வரும். நூறு பக்க ஆங்கில ஒப்பந்தத்தில், ஒரு பக்கத்துக்கு ஒரு கையெழுத்து என்று வாங்கிவிட்டு இதைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

6. என்ன செய்ய வேண்டும்

சட்டத்தை முழுதாக மாற்றி எழுத வேண்டியதில்லை. சர்ஃபாசியின் 31-ஆம் பிரிவில் குடியிருக்கும் ஒரே வீடு என்ற வகையைச் சேர்த்தால் போதும். அந்த வகைக்கு, 13(2) நோட்டீஸின் 60 நாளுக்குள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் முன் ஒரு கட்டாயச் சந்திப்பு நடக்க வேண்டும். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாவட்டத்திலும் அந்த அமைப்பு இருக்கிறது, வங்கிக் கடன் வழக்குகளை லோக் அதாலத்தில் கையாண்ட பழக்கமும் அதற்கு உண்டு. சந்திப்புக்கு நிறுவனம் மூன்று தாள்களைக் கொண்டுவர வேண்டும்: கடன் அனுமதித்த நாளின் திருப்பிச் செலுத்தும் கணக்கு, வட்டி மாற்றங்களின் பட்டியல், மறுசீரமைப்புக்கு அது என்ன முன்வைத்தது என்பதன் எழுத்துச் சான்று. அந்த மூன்று இல்லாமல் சுவாதீனம் கூடாது. வட்டி ஏறினால் தாங்குவாரா என்று சோதிக்காமல் கொடுத்த கடன் என்று தெரிந்தால், ஏலத்துக்குப் பின் மீதிக் கடனைக் கேட்கும் உரிமையை நிறுவனம் இழக்க வேண்டும். மீட்கும் உரிமை 2016-க்கு முன்பிருந்தபடி விற்பனை முடியும்வரை திரும்ப வேண்டும். எந்தப் பகுதியில், எந்த வட்டியில், எத்தனை பேருக்குக் கடன் தரப்பட்டது, மறுக்கப்பட்டது, எத்தனை வீடுகள் சுவாதீனம் எடுக்கப்பட்டன என்பதை அஞ்சல் குறியீட்டு எண்வாரியாக ஆண்டுதோறும் வெளியிடும் கடமையை ரிசர்வ் வங்கி விதிக்க வேண்டும்.

ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். நாளிதழ்களில் வரும் சுவாதீன அறிவிப்புகளே ஒரு பெரிய தரவுத் தொகுப்பு. ஊர், தொகை, நிறுவனம், தேதி எல்லாம் அதில் இருக்கின்றன. உங்கள் மாவட்டத்தின் பத்தாண்டு அறிவிப்புகளைத் தொகுத்தால், அரசு வெளியிடாத வரைபடத்தை நீங்களே வரைந்துவிடலாம்.

வீட்டுக் கடன் உள்ளவர்கள் இந்த அரங்கில் பலர் இருப்பீர்கள். இதுவரை கட்டிய அசலும் வட்டியும், மீதித் தவணைகளின் எண்ணிக்கை, ஆண்டு வட்டி விகிதம் ஆகியவை அடங்கிய அறிக்கையை ஒவ்வொரு காலாண்டும் நிறுவனம் உங்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது 2023 சுற்றறிக்கை. அதைக் கேட்டு வாங்குங்கள். தவணை தவறும் என்று தெரிந்தால், தவறுவதற்கு முன்பே எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் முத்திரை பெறுங்கள். நோட்டீஸ் வந்தால் 60 நாளுக்குள் ஆட்சேபத்தைப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். சுவாதீனம் எடுத்தால் 45 நாளுக்குள் தீர்ப்பாயத்தில் மனு போடுங்கள். வழக்கறிஞர் கட்டணத்துக்கு வழியில்லாவிட்டால் இலவசச் சட்ட உதவிக்கு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம்.